ஆஸ்திரேலியாவில் புல்வெளித் தீ ஆண்டுக்கு ஆண்டு ஏன் மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் தீ என்றாலே 2019-20 கோடையில் எரிந்த யூகலிப்டஸ் காடுகளும் கருகிய கோலாக்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நாட்டில் ஆண்டுதோறும் எரிகிற பரப்பில் பெரும்பங்கு காடு அல்ல, புல். அந்தப் புல் எந்த ஆண்டு பற்றும், எந்த ஆண்டு பற்றாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வெயிலை மட்டும் வைத்துப் பார்த்தால் அது பிடிபடாது. முந்தைய ஆண்டுகளில் பெய்த மழையையும், யார் எந்த மாதத்தில் தீ வைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

புல்வெளி என்றால் ஆடு மாடு மேய்கிற பச்சைத் தரையா?

அதுவும் உண்டு, ஆனால் மொத்தத்தில் அது சிறு பகுதிதான். ஆஸ்திரேலியாவின் புல்லை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

வடக்கே, கிம்பர்லியிலிருந்து டார்வின் வழியாகக் கேப் யார்க் வரை சவன்னா. அங்கங்கே யூகலிப்டஸ் மரங்கள், அவற்றுக்கு அடியில் ஆள் உயரப் புல். தூரத்திலிருந்து பார்த்தால் காடு மாதிரித்தான் இருக்கும். எரிவது கீழே இருக்கும் புல், மரங்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

நடுவே பாலை நிலம். சிவப்பு மணலில் ஊசி போன்ற இலைகளோடு குத்துக் குத்தாக வளரும் ஸ்பினிஃபெக்ஸ் புல்லின் நாடு அது. அந்த இலைகளில் பிசின் இருக்கும், பற்றினால் கறுப்புப் புகையோடு எரியும்.

தெற்கே விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் மேய்ச்சல் நிலங்களும் கோதுமை வயல்களும்.

மூன்றிலும் தீ கூடுவதும் குறைவதும் வேறு வேறு காரணங்களால். அதனால் "இந்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் தீ அதிகமா?" என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது.

ஓர் ஆண்டில் எவ்வளவுதான் எரிகிறது?

சாதாரண ஆண்டிலேயே கோடிக்கணக்கான ஹெக்டேர். அதில் பெரும்பகுதி வடக்குச் சவன்னா. அது ஏறக்குறைய ஆண்டு தவறாமல் எரியும் நிலம் என்பதால் நாட்டின் மொத்தக் கணக்கு சுழியத்துக்குப் பக்கத்தில் போவதே இல்லை.

உச்சத்துக்கு இரண்டு ஆண்டுகளைச் சொல்லலாம். 1974-75 பருவத்தில் சுமார் 11.7 கோடி ஹெக்டேர் எரிந்தது, அதாவது கண்டத்தின் 15 சதவீதம். அதில் பெரும்பகுதி ஆள் நடமாட்டமே இல்லாத உள்நாட்டுப் புல். 10,000 கி.மீ.க்கு மேல் வேலி பொசுங்கிப்போனது. அடுத்தது 2023. வடக்கிலும் நடுப்பகுதியிலும் சேர்த்து 8.4 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் முழுவதையும்விடப் பெரிய பரப்பு அது. ஆனால் சிட்னியிலும் மெல்பர்னிலும் புகை வாசனைகூட வரவில்லை. அதனால் நகரத்துச் செய்திகளில் அது பெரிதாக இடம்பெறவும் இல்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், கால்நடை இருக்கிறது, வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் இருக்கின்றன.

வறட்சியில்தானே தீ அதிகம் வரும்? மழை பெய்தால் தீ கூடும் என்பது எப்படி?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரை எடுத்துக்கொள்வோம், கண்டத்தின் நடுவில் இருக்கிறது. அங்கே சராசரி ஆண்டு மழை 280 மி.மீ. அளவுதான், பல ஆண்டுகளில் அதுவும் கிடைக்காது. வறண்ட ஆண்டில் அந்த நிலத்தில் நடந்தால் ஒரு ஸ்பினிஃபெக்ஸ் குத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் மணல் தெரியும். மின்னல் விழுந்து ஒரு குத்து பற்றினாலும், நல்ல காற்று இல்லையென்றால் தீ அடுத்ததற்குத் தாவாது. நாற்பது டிகிரி வெயில் அடித்தாலும் அப்படித்தான். எரிவதற்குப் பொருள் இல்லை.

பசிபிக் கடலில் லா நினா நிலை (கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடக் குளிர்ந்து ஆஸ்திரேலியாவுக்கு மழையைக் கூட்டும் நிலை) வந்தால் கதை மாறும். உள்நாட்டில் கனமழை பெய்யும். குத்துகளுக்கு நடுவே இருந்த வெறும் மணலில் ஓராண்டுப் புல்லும் செடிகளும் முளைத்து இடைவெளியை மூடிவிடும், ஸ்பினிஃபெக்ஸும் பருத்துவிடும். மழை போய் நிலம் காய்ந்ததும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இடைவெளியே இல்லாத ஒரே எரிபொருள் விரிப்பு. மழை விறகு அடுக்கிவிட்டுப் போகிறது, அடுத்து வரும் வெயில் அதைக் காயவைக்கிறது.

1974-ஐப் பாருங்கள். 1973 முதல் 1976 வரை நீடித்த வலுவான லா நினாவில்தான் பிரிஸ்பேன் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது, பெரும்பாலும் வறண்டு கிடக்கும் உள்நாட்டு உப்பேரியான ஏர் ஏரி வரலாற்றில் பதிவான அளவுக்கு மிக அதிகமாக நிரம்பியது. அதே காலத்தில்தான் 11.7 கோடி ஹெக்டேர் எரிந்தது. அப்புறம் 2010-11இல் இன்னொரு பெரிய லா நினா. 2011இல் நடு ஆஸ்திரேலியா முழுக்கப் பெருந்தீ. 2020 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று லா நினா. 2023 செப்டம்பரில், லா நினாவுக்கு நேரெதிராக வறட்சி தரும் எல் நினோ அறிவிப்பு வந்த அதே மாதம், வடக்கு ஆட்புலத்தின் பார்க்லி பகுதியில் எரிந்த தீ டெனன்ட் கிரீக் ஊரை நெருங்கியது.

காட்டில் இது தலைகீழ். யூகலிப்டஸ் காட்டில் இலையும் சுள்ளியும் பட்டையும் எப்போதும் கிடக்கும். எரிபொருளுக்குப் பஞ்சமில்லை, அது ஈரமாக இருப்பதுதான் தடை. நீண்ட வறட்சி அந்த ஈரத்தை எடுத்துவிட்டால் காடு எரியும். 2019இல் அதுதான் நடந்தது. ஆனால் அதே 2019இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கம் புல்லே இல்லை. அங்கே தீக்குப் பதிலாகப் புழுதிப்புயல்தான் அடித்தது.

மழைக்கும் தீக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி?

இடத்தைப் பொறுத்தது. பாலை நிலத்தில் ஓரிரு ஆண்டு. வடக்கில் சில மாதம்தான், மார்ச் வரை பெய்த மழையில் வளர்ந்த புல் மே மாதமே எரியத் தயார். தெற்கில் வசந்தகால (செப்டம்பர், அக்டோபர்) மழைக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம்.

பாலையில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒருமுறை எரிந்த ஸ்பினிஃபெக்ஸ் மறுபடி எரியும் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால் ஒரே இடத்தில் அடுத்தடுத்த ஆண்டில் பெருந்தீ வருவது அரிது. பெருந்தீ ஆண்டு ஒன்று முடிந்ததும் சில ஆண்டுகள் எண்ணிக்கை விழுந்து கிடப்பதைப் பார்த்து "தீ குறைந்துவிட்டது" என்று மகிழ வேண்டாம். எரிய மிச்சம் இல்லாததால் வந்த அமைதி அது.

வடக்கில் மட்டும் ஏன் ஒவ்வோர் ஆண்டும் எரிகிறது?

டார்வினில் ஆண்டுக்கு 1,700 மி.மீ. அளவுக்கு மழை. அது ஏறக்குறைய முழுக்க நவம்பர் முதல் ஏப்ரல் வரை கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் மிகக் குறைவு. மழை பொய்ப்பது அரிது என்பதால் புல் வளராத ஆண்டு என்று ஒன்று இல்லை.

அங்கே முக்கியமான புல் ஸ்பியர் கிராஸ். நம் சோளத்தின் பங்காளி. மழையில் முளைத்து ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, விதையைக் கொட்டிவிட்டு, மழை முடியும்போது செத்துவிடும். ஏப்ரல் வாக்கில் கடைசியாக ஒரு சுற்று புயல்மழை வந்து அந்த உயரமான தாள்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போகும். ககாடு பகுதிப் பழங்குடி மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிப்பார்கள். புல் சாயும் அந்தப் பருவத்துக்குப் பெயர் பாங்கெரெங். அதற்கு அடுத்துக் குளிர்ச்சியாக வரும் யெகெ பருவத்தில்தான் நிலத்துக்குத் தீ வைக்கத் தொடங்குவார்கள்.

மே, ஜூனில் வைக்கும் தீ சாதுவானது. புல்லின் அடியில் ஈரம் மிச்சமிருக்கும், இரவில் பனி இறங்கும், தீ தானாகவே அவிந்துவிடும். எரிந்தது பாதி, எரியாதது பாதி எனத் திட்டுத் திட்டாக நிலம் நிற்கும். அதே புல்லில் செப்டம்பர், அக்டோபரில் தீ பிடித்தால் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஓடும். மரத்தின் உச்சி வரை கருகும், பறவைக் கூடும் பழம் காய்க்கும் புதரும் போய்விடும், சிறு பாலூட்டிகள் ஒளிய இடமின்றிக் காட்டில் திரியும் வீட்டுப்பூனைகளுக்கு இரையாகும்.

ஆகவே வடக்கைப் பொறுத்தவரை எத்தனை ஹெக்டேர் எரிந்தது என்பதைவிட எந்த மாதத்தில் எரிந்தது என்பதே பெரிய கேள்வி. இரண்டு ஆண்டுகளில் ஒரே அளவு எரிந்திருக்கலாம். ஒன்று மே மாதத்தில் எரிந்தது, இன்னொன்று அக்டோபரில் எரிந்தது என்றால் அந்த இரண்டும் ஒன்றே அல்ல.

தெற்கில்?

அங்கே எல்லாம் புல் காயும் வேகத்தில் இருக்கிறது. தீயணைப்புத் துறையினர் புல் எத்தனை சதவீதம் காய்ந்திருக்கிறது என்று வாராவாரம் பார்த்துக் குறித்துக்கொண்டே இருப்பார்கள். பாதிக்குப் பாதி பச்சையாக இருந்தால் தீ அவ்வளவாகப் பரவாது. முக்கால்வாசிக்கு மேல் காய்ந்துவிட்டால் எளிதாக ஓடும். முழுக்க வெளுத்து, தண்டை மடக்கினால் படக்கென்று ஒடிகிற நிலை வந்துவிட்டால் காற்று ஒன்றுதான் பாக்கி.

செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை பெய்தால் புல் உயரமாக வளரும், ஆனால் தாமதமாகக் காயும். மழை குறைந்தால் சீக்கிரம் காயும், ஆனால் எரியப் பொருள் கொஞ்சம்தான். நல்ல வசந்தமும் அதற்குப் பின்னால் திடீர் வெப்பமும் சேர்ந்தால்தான் தெற்கு விவசாயிக்குத் தூக்கம் போகும். 2015 நவம்பர் 25 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் பினெரி அருகே எரிந்த தீ அப்படிப்பட்டது. அறுவடைக்கு நின்ற கோதுமை வயல்களின் வழியாக ஓடி 80,000 ஹெக்டேருக்கு மேல் எரித்தது. 2 பேர் இறந்தார்கள். காற்றும் வெப்பமும் ஓர் எல்லையைத் தாண்டினால் அறுவடை இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்ற நடைமுறை அங்கே இருப்பது இதற்காகத்தான்.

2019-20 தீயில் எரிந்த பரப்புக்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண் சொல்கிறார்களே, ஏன்?

எதை எண்ணினார்கள் என்பதில் வேறுபாடு. அரசு விசாரணை ஆணையம் சொன்ன 2.4 கோடி ஹெக்டேருக்கு மேல் என்பது நாடு முழுவதற்குமான எண். அதில் வடக்குச் சவன்னாவில் வழக்கமாக எரியும் புல்லும் அடக்கம். தென்கிழக்குக் காடுகளை மட்டும் எண்ணினால் அதைவிட மிகக் குறைவு. இரண்டும் சரிதான், ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குப் பதிலாக வைத்தால் தப்பு.

ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பதும் ஒரு சிக்கல். தெற்கின் தீப்பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும், அதனால் அங்கே ஜூலை முதல் ஜூன் வரை கணக்குப் பார்ப்பார்கள். வடக்கில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, அங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை பார்ப்பதே பொருந்தும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் ஒரு பருவம் இரண்டாக உடைந்துபோகும்.

அடுத்தது செயற்கைக்கோள். 2000-க்குப் பிறகு உள்ள கணக்கு முழுக்க அதிலிருந்துதான் வருகிறது, அதனால் நம்பலாம். ஆனாலும் மரநிழலில் மெதுவாக எரியும் சின்னத் தீ அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். மழை பெய்து புல் துளிர்த்துவிட்டால் எரிந்த தழும்பு மறைந்துவிடும். செயற்கைக்கோள் சூடாகக் காணும் இடங்களான வெப்பப் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பரப்பு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. செயற்கைக்கோள் காலத்துக்கு முந்தைய எண்களை இன்றைய எண்களோடு நேரடியாக ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும்.

இந்தத் தீயை யார் வைக்கிறார்கள்?

மின்னல், மனிதர்கள், எந்திரங்கள். மழை தொடங்கும் முன் வரும் வறண்ட இடியில் மின்னல் பெரும் பங்கு வகிக்கும். எந்திரம் என்றால் வண்டியின் அடிப்பக்கத்தில் சிக்கிய புல்கூடப் போதும். ஸ்பினிஃபெக்ஸ் விதை முற்றிய காலத்தில் பாலைப் பாதையில் ஜீப் ஓட்டுபவர்கள் அடிக்கடி நிறுத்தி, கீழே படுத்து, சைலன்சரைச் சுற்றி அடைந்த புல்லைப் பிடுங்கிப் போடுவார்கள். அதைச் செய்யாமல் வண்டியையே எரியக் கொடுத்தவர்கள் உண்டு.

ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த நிலத்தில் அதிகம் தீ வைத்தவர்கள் அதன் முதல் மக்கள். வேண்டுமென்றே, தெரிந்தே வைத்தார்கள். மேற்குப் பாலையில் மார்ட்டு பழங்குடிப் பெண்கள் இன்றும் குளிர்காலத்தில் ஸ்பினிஃபெக்ஸுக்குத் தீ வைத்து உடும்பு வேட்டையாடுகிறார்கள். புல் எரிந்து மணல் வெளியில் தெரிந்ததும், உடும்பு தோண்டிப் புகுந்த புது வளை எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒரு கோலால் தட்டிப் பார்த்துத் தோண்டி எடுப்பார்கள். இப்படி ஒரு நாளைக்கு ஒரு சின்னத் திட்டு, அடுத்த நாள் இன்னொன்று. சில ஆண்டுகளில் அந்த நிலம் முழுக்கப் புதிதாய் எரிந்த திட்டு, பாதி வளர்ந்த திட்டு, பழம் புல் என்று கலந்துவிடும். கோடையில் மின்னல் விழுந்தாலும் தீ ஓட வழியில்லை.

கிப்சன் பாலையில் 1953இல் எடுத்த வான்படங்களில் இந்தச் சின்னத் திட்டுகள் அப்படியே தெரிகின்றன. அப்புறம் மக்கள் நிலத்தை விட்டுக் கிறிஸ்தவ மிஷன்களுக்கும் குடியிருப்புகளுக்கும் போய்விட்டார்கள், போகவைக்கப்பட்டார்கள். பின்டுபி இனத்தில் கடைசியாகப் பாலையில் வாழ்ந்த 9 பேர் வெளியே வந்தது 1984இல். அவர்கள் போன பிறகான செயற்கைக்கோள் படங்களில் திட்டுகள் இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே தழும்பு. அந்தப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மனிதன் இல்லாத நிலம்தான் இயற்கையானது என்ற எண்ணமே ஆட்டம் கண்டுவிடும்.

அந்தப் பழைய முறையை மறுபடி கொண்டுவந்தால் மோசமான தீ குறைகிறதா?

குறைகிறது, அதற்கு நல்ல சான்று டார்வினுக்குக் கிழக்கே இருக்கும் மேற்கு ஆர்ன்ஹெம் நிலம். பீடபூமியை விட்டு மக்கள் இறங்கிய பிறகு அங்கே ஆண்டுதோறும் தாமதத் தீதான், அதாவது செப்டம்பர், அக்டோபரில் வருவது. பர்டயல் நாட்ஜமெர்ரெக் என்ற மூத்தவர், பெரிய ஓவியர், தன் நாட்டை நன்கு அறிந்தவர், குடும்பத்தோடு கபுல்வர்னாமியோ என்ற இடத்துக்குத் திரும்பினார். அவரைப் போன்ற மூத்தவர்களின் அறிவும் அறிவியலாளர்களின் அளவீடும் சேர்ந்து 2006இல் ஒரு திட்டம் தொடங்கியது. பரப்பு 28,000 சதுர கி.மீ. டார்வினில் எரிவாயு ஆலை வைத்த நிறுவனம் தன் பசுமைக்குடில் வாயு உமிழ்வை ஈடுகட்ட ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

நிலத்தைப் பராமரிக்கும் பழங்குடி ரேஞ்சர்கள் மே, ஜூனில் நடந்தே போய் ஓடைக்கரை, பாறையோரம் பார்த்துத் தீ வைப்பார்கள். நடக்க முடியாத இடத்துக்கு ஹெலிகாப்டரிலிருந்து தீப்பற்றும் சிறு உருண்டைகளைப் போடுவார்கள். முதல் 7 ஆண்டுகளில் தீயிலிருந்து வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இன்று வடக்கு முழுக்க இதுபோன்ற பல திட்டங்கள் நடக்கின்றன. உமிழ்வைக் குறைத்ததற்காகக் கிடைக்கும் கார்பன் பணத்தில் ரேஞ்சர்களுக்குச் சம்பளம், பிள்ளைகளுக்குப் பள்ளி. வடக்கின் வரைபடத்தில் தாமதத் தீ குறைந்து ஆரம்பத் தீ கூடியிருக்கும் இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே ஒரு ரேஞ்சர் குழு இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. பணம் உமிழ்வைக் கணக்கிட்டு வருவதால், எந்த மரம் பூக்கிறது, எந்தப் பறவை கூடு கட்டியிருக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டிய தீயை, தேதி பார்த்து வானிலிருந்து வைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. நடந்து போய் வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை என்பதுதான் என் கருத்து.

புல் அடுத்த ஆண்டே முளைத்துவிடுகிறதே, பிறகு எதற்குக் கார்பன் கணக்கு?

கரியமில வாயுவைப் புல் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதால் அதைச் சேர்ப்பதில்லை. மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு இரண்டையும் புல் திரும்ப எடுக்காது. அவற்றைத்தான் முக்கியமாக எண்ணுகிறார்கள்.

வெளிநாட்டுப் புல் தீயை மோசமாக்குகிறது என்கிறார்கள், உண்மையா?

உண்மை. இரண்டு புற்களைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று காம்பா, ஆப்பிரிக்கப் புல். 1930-களில் மாட்டுத் தீவனத்துக்காக வடக்கே கொண்டுவந்தார்கள். 4 மீட்டர் உயரம் வளரும். உள்ளூர்ப் புல்லைவிடப் பல மடங்கு எரிபொருள், தீயின் உக்கிரம் 8 மடங்கு வரை போகும். நூறு ஆண்டு தீயைத் தாங்கிய மரங்கள் காம்பா தீயில் சில முறை வெந்ததும் செத்துவிடுகின்றன. மரம் போன இடத்தில் இன்னும் காம்பா. டார்வினுக்குத் தெற்கே பேச்சிலர் பக்கம் சாலையோரமே இதைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் "இந்த ஆண்டு எரிந்த பரப்பு கூடவில்லை" என்ற புள்ளிவிவரம் ஏமாற்றிவிடும். பரப்பு அதேதான், தீ வேறு.

இன்னொன்று பஃபெல் புல். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் மாடு மேய்கிற கொழுக்கட்டைப்புல் இருக்கிறதே, அதேதான். ஒட்டகங்களின் சேணத்தில் அடைத்த புல்லோடு 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். பின்னால் மேய்ச்சலுக்கும் புழுதியை அடக்கவும் வேண்டுமென்றே விதைத்தார்கள். கொங்குநாட்டு மாட்டுக்கு உயிர்நாடியான அதே புல், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே ஆற்றங்கரைப் பெருமரங்களின் அடியில் பரவி, முன்பு தீயே எட்டாத இடங்களுக்குத் தீயைக் கொண்டுபோகிறது. எரிந்த பிறகு மற்றவற்றைவிட வேகமாகத் துளிர்த்துவிடும். மேய்ச்சல்காரர்களுக்கு அது வேண்டும், ஆற்றங்கரை மரங்களைத் தெய்வமாகப் பார்க்கும் மக்களுக்கு அது எதிரி. தெற்கு ஆஸ்திரேலியா 2015இல் அதைக் களையாக அறிவித்தது.

மாடு மேய்த்தால் தீ குறையுமா?

குறையும். மேய்ந்து கட்டையான நிலத்தில் தீ ஓடாது, பெரிய பண்ணைகள் உள்ள சமவெளிகளில் தீ குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணம். ஆனால் கன மழை ஆண்டில் புல் வளர்கிற வேகத்துக்கு மாட்டின் வாய் ஈடுகொடுக்காது.

பருவநிலை மாற்றத்தால் புல்வெளித் தீ கூடிக்கொண்டே போகிறதா?

நேர்க்கோட்டில் கூடவில்லை. உலக அளவில் பார்த்தால் 1998 முதல் 2015 வரை எரிந்த பரப்பு நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. முக்கியக் காரணம் ஆப்பிரிக்கா போன்ற இடங்களில் சவன்னா விளைநிலமாக மாறியது. இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, தீ குறைகிறது, எல்லாம் பொய்" என்று சிலர் வாதாடுகிறார்கள். அது நேர்மையான வாதம் அல்ல. புல் குறைந்ததும் காடு எரிவது கூடியதும் ஒரே மொத்தக் கணக்குக்குள் ஒளிந்துகொள்கின்றன.

ஆஸ்திரேலியாவின் சராசரி வெப்பநிலை 1910-க்குப் பிறகு 1.5 டிகிரி அளவுக்கு உயர்ந்துவிட்டது. தென்பகுதியில் தீக்கு ஏற்ற கடும் வானிலை நாட்கள் கூடியிருக்கின்றன, பருவமும் நீண்டிருக்கிறது. காடு எரியும் போக்கு அங்கே தெளிவாக ஏறுமுகம். புல்லுக்கோ மழைதான் முதல் கட்டளை. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரிது, சில பத்தாண்டுக் கணக்கை வைத்து ஒரே கோடு போட்டுவிட முடியாது. மழை கொட்டும்போது அதிகமாகக் கொட்டி, காயும்போது வேகமாகக் காய்ந்தால், பெருந்தீ ஆண்டுகள் இன்னும் பெரிதாகும் என்பதுதான் அச்சம்.

புல்லுத் தீதானே, காட்டுத் தீ அளவுக்கு ஆபத்து இல்லை, அப்படித்தானே?

இந்த நினைப்புதான் ஆளைக் கொல்கிறது. புல்வெளித் தீ மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் ஓடும். மனிதன் ஓடித் தப்ப முடியாது.

1969 ஜனவரி 8. மெல்பர்னுக்கும் ஜீலாங்குக்கும் நடுவே லாரா என்ற ஊர் அருகே புல்வெளித் தீ நெடுஞ்சாலையைக் குறுக்கே தாண்டியது. புகையில் எதிரே எதுவும் தெரியாமல் வண்டிகள் நின்றன. பயத்தில் இறங்கி ஓடியவர்களில் 17 பேர் இறந்தார்கள். காருக்குள்ளேயே இருந்தவர்கள் பிழைத்தார்கள். புல்லில் தீயின் முகப்பு ஓர் இடத்தைக் கடக்கச் சில விநாடிகள்தான் ஆகும், அந்த நேரம் வெப்பக்கதிரிலிருந்து தப்பினால் போதும். ஆஸ்திரேலியாவில் இன்று சொல்லித்தரும் அறிவுரை இதை ஆராய்ந்து வந்தது: வேறு வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டால் புல் இல்லாத இடமாகப் பார்த்து ஒதுங்கி, தீ வரும் திசைக்கு முகம் காட்டி நிறுத்தி, முகப்பு விளக்கையும் அபாய விளக்கையும் போட்டு, கண்ணாடியையும் காற்றுத் துவாரங்களையும் மூடி, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து, கம்பளிப் போர்வையால் மூடிக்கொள்ள வேண்டும். இறங்கி ஓடக் கூடாது.

2005 ஜனவரியில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஏர் தீபகற்பத்தில் வாங்கரி அருகே ஒரு வண்டியின் சூடான புகைக்குழாயால் புல் பற்றியது. மறுநாள் காற்று திரும்பியதும் 9 பேரைப் பலிகொண்டது. எரிந்தது சுமார் 78,000 ஹெக்டேர், 2023-இன் கணக்கில் அது ஒரு தூசு. பரப்பையும் சேதத்தையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மெல்பர்னின் மேற்குப் புறநகர்களான டார்நீட், மெல்ட்டன் பக்கம் இப்போது தமிழ்க் குடும்பங்கள் நிறைய. புது வீட்டு மனைகளின் கடைசித் தெருவுக்கு அப்பால் இருப்பது இதே புல்வெளிதான். காடு இல்லாததால் தீ பயம் இல்லை என்று நினைக்க வேண்டாம். வீட்டைச் சுற்றிப் புல்லை 10 செ.மீ.க்குள் வெட்டி வையுங்கள், விக்டோரியா மாநிலத்தின் அவசர எச்சரிக்கைச் செயலியான விக்எமர்ஜென்சியை போனில் வையுங்கள், முழுத் தீத்தடை அறிவித்த நாளில் தோட்டத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ வேண்டாம்.

அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பாலை நிலத்துக்கு ஓரளவு முடியும். 12 முதல் 24 மாதங்களில் பெய்த மழை, கடைசியாக எரிந்து எத்தனை ஆண்டு ஆகிறது, பசிபிக் கடல் லா நினா, எல் நினோ இவற்றில் எந்தப் பக்கம் சாய்கிறது, இந்த மூன்றும் போதும். 2023 வசந்தகாலத்துக்கு முன்பே வடக்கு ஆட்புலத்தின் பெரும்பகுதிக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. தெரிந்தும் அவ்வளவு எரிந்ததற்குக் காரணம் ஆள் பலம் இல்லாததுதான். அந்தப் பரப்பில் குளிர்காலத்திலேயே திட்டுத் திட்டாக எரித்து வைக்க ஆட்கள் போதவில்லை.

தெற்கில் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் சொல்வது கடினம். வடக்கில் ஊகிக்கவே தேவையில்லை, ஜூலை கடைசியில் வரைபடத்தைப் பார்த்தால் எவ்வளவு ஆரம்பத் தீ வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும், மிச்சம் இருப்பதுதான் அக்டோபருக்கு.

அந்த வரைபடத்தை எங்கே பார்ப்பது?

நஃபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் வடக்கு ஆஸ்திரேலியத் தீத் தகவல் தளம் இலவசம். எரிந்த இடத்தை மாதவாரியாக வெவ்வேறு நிறத்தில் காட்டும், 2000 வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். பண்ணைக்காரர்களும் ரேஞ்சர்களும் தினமும் திறந்து பார்ப்பது இதைத்தான். தொடங்குகிறவர்கள் 2011, 2019, 2023 மூன்றையும் அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள். நடுப்பகுதியை மட்டும் கவனியுங்கள், 2019இல் அது எவ்வளவு வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரியும்.